கம்பெனி ஸ்டீரியோவில் ஆக்ஸ் ஓட்டை இல்லை: மியூசிக் பிளேயரை எப்படி மாட்டுவது?

கூழாங்கல் · மார்ச் 3, காலை 9.10

வண்டியோடு வந்த கம்பெனி ஸ்டீரியோ. ரேடியோ, சிடி ரெண்டும் நல்லா ஓடுது. முகப்புல ஆக்ஸ் ஓட்டை கிடையாது, யுஎஸ்பி கிடையாது, புளூடூத்தும் கிடையாது. 'சிடி-சி'ன்னு ஒரு பொத்தான் இருக்கு, அழுத்தினா ஒண்ணும் நடக்கல. கையில 3.5 மிமீ ஹெட்ஃபோன் ஜாக் உள்ள சின்ன பிளேயர். இப்போதைக்கு லைட்டர் சாக்கெட்ல செருகுற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்ல ஓடுது, கரகரப்பு தாங்கல. ஸ்டீரியோவைக் கழற்றி எறிஞ்சிட்டு வேற போடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, இந்த டேஷ்போர்டு வளைவுக்கு வேற எதுவும் உட்காராது. என்ன வழி?

ஒயர்மேன் · மார்ச் 3, காலை 10.25

எறிய வேண்டாம். பாதி பதில் அந்த 'சிடி-சி' பொத்தானிலேயே இருக்கிறது. கடைசி 'சி' சேஞ்சர். டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ ஆறு சிடி போடும் பெட்டி வைப்பதற்காக ஸ்டீரியோவின் முதுகில் ஓர் உள்ளீடு விட்டிருப்பார்கள். அதில் இடது, வலது ஆடியோ பின்கள் உண்டு. பிளேயரின் ஒலியை அங்கே கொடுத்தால் போதும்.

ஆனால் வெறும் ஒயரைச் சொருகினால் பாட்டு வராது. பொத்தானை அழுத்தியதும் ஸ்டீரியோ டேட்டா ஒயரில் "சேஞ்சர் இருக்கியா?" என்று கேட்கும். பதில் இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உங்கள் பொத்தான் ஒன்றும் செய்யாததற்கு அதுதான் காரணம், பொத்தான் பழுதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பொய்க்காரப் பெட்டி வேண்டும். எமுலேட்டர் என்பார்கள். "நான்தான் சேஞ்சர், முதல் சிடி, முதல் பாட்டு ஓடுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோ நம்பி வாசலைத் திறந்துவிடும்.

வாங்கும்போது கார் மாடலைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே கார், ஒரே வருடம், ஆனால் உள்ளே இரண்டு வேறு கம்பெனி ரேடியோ இருப்பது சாதாரணம். ஸ்டீரியோவை வெளியே இழுத்து மேல் தகட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எமுலேட்டர் அந்த எண்ணுக்குத்தான் பொருந்த வேண்டும்.

ஒயர்மேன் · மார்ச் 3, மதியம் 1.40

பெட்டி கைக்கு வரும்வரை அந்த டிரான்ஸ்மிட்டரையாவது ஒழுங்குபடுத்தலாம். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரேடியோவை 87.5இல் இருந்து 108 வரை மெதுவாக நகர்த்துங்கள். வெறும் 'ஷ்ஷ்' மட்டும் வரும் இடம் வேண்டும், இரு பக்கமும் 0.4 மெகாஹெர்ட்ஸுக்குள் எந்த நிலையமும் இருக்கக் கூடாது. பக்கத்து நிலையம் பலமாக இருந்தால் 0.2 தள்ளி வைத்தாலும் உள்ளே கசியும்.

அடுத்தது ஆன்டெனா. கூரையின் பின்முனையிலோ பின்கண்ணாடியிலோ இருந்தால் டேஷ்போர்டில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு அது தூரம். சக்தியைக் கூட்டவும் வழியில்லை, சட்டம் அப்படி. ஐரோப்பாவில் வரம்பு 50 நானோவாட். பின்சீட்டுப் பக்கம் இன்னொரு 12 வோல்ட் சாக்கெட் இருந்தால் அங்கே மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

'ஸ', 'ஷ' வரும் இடங்களில் ஒலி கிழிகிறதா? அது சிக்னல் குறை இல்லை. பிளேயரின் ஒலியளவு அதிகம். எஃப்எம்மில் அலை இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அகலலாம், அதற்கு மேல் தள்ளினால் கிழியும். பிளேயரை 70 சதவீதத்துக்கு இறக்கி, மிச்சத்தை ஸ்டீரியோவில் ஏற்றுங்கள்.

எவ்வளவு சரிபார்த்தாலும் எஃப்எம் வழியில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. 19இல் இடது, வலது ஒலியைப் பிரிக்க உதவும் 'பைலட்' சிக்னல் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தொடாமல் இருக்கத்தான் முன்னாலேயே வெட்டுகிறார்கள். கம்பி கிடைத்தால் கம்பி, இல்லாவிட்டால்தான் காற்று.

பழைய டேப் · மார்ச் 3, இரவு 8.05

ஜப்பான்ல இருந்து இறக்கின வண்டின்னா இன்னொரு கூத்து. அங்க எஃப்எம் 76ல ஆரம்பிக்குது, பழைய ரேடியோ 90லயே முடிஞ்சிடும். 88 முதல் 108 வரைக்கும்னு அட்டையில போட்ட டிரான்ஸ்மிட்டரை வாங்கினா மிஞ்சுறது 88க்கும் 90க்கும் நடுவுல ஒரு சந்துதான். 76ல இருந்து போற டிரான்ஸ்மிட்டரா பாத்து வாங்கினா பெரிய காலி மைதானமே இருக்கும்.

அப்புறம், சிடிக்குப் பதிலா கேசட் உள்ள ஸ்டீரியோன்னா இவ்வளவு பேச்சே வேண்டாம். கேசட் அடாப்டர் போதும். எஃப்எம்மை விட எவ்வளவோ மேல்.

கூழாங்கல் · மார்ச் 4, காலை 7.50

கேசட் இல்ல சார், சிடிதான். முதுகுல எந்த பின் எதுன்னு சொன்னீங்கன்னா கழற்றிப் பாக்குறேன்.

ஒயர்மேன் · மார்ச் 4, காலை 11.15

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டீரியோவுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு ('கோடு') உண்டா என்று பாருங்கள். கையேட்டுப் பையில் நான்கு இலக்க எண் எழுதிய அட்டை இருக்கும். அது கையில் இல்லாமல் பேட்டரியைக் கழற்றினால், திரும்பப் போடும்போது திரையில் 'கோடு' என்று கேட்டு உட்கார்ந்துவிடும். தப்பான எண்ணைச் சில தடவை போட்டால் மணிக்கணக்கில் பூட்டிக்கொள்கிற வகையும் இருக்கிறது.

கோடு இருந்தால் சாவியை எடுத்துவிட்டு 10 மிமீ ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் பத்து நிமிடம் சும்மா இருங்கள். முகப்பின் இரு ஓரத்திலும் சின்ன துளைகள் இருந்தால் ரிலீஸ் கம்பிகள் வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு துளை என்றால் 'ப' வடிவக் கம்பி. 'டக்' என்று பிடிக்கும்வரை உள்ளே தள்ளி, இரண்டையும் வெளிப்பக்கமாக லேசாக விரித்தபடி இழுக்க வேண்டும். துளை எதுவும் இல்லையென்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் திருகு இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், சட்டத்தில் தழும்பு விழும்.

ஐஎஸ்ஓ என்ற பொதுத் தரக் கனெக்டர் உள்ள ரேடியோ என்றால் முதுகில் இரண்டு எட்டு பின் கட்டைகள். ஏ கட்டை கரண்டுக்கு, பி கட்டை ஸ்பீக்கருக்கு. ஏ கட்டையில் 4ஆவது நிரந்தர 12 வோல்ட், 7ஆவது சாவி போட்டால் வரும் 12 வோல்ட், 8ஆவது எர்த். இவற்றின் மேலே சி கட்டை, அது மூன்று துண்டாக இருக்கும். மஞ்சள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வெளியீடு. நீலம்தான் நமக்கு, 13 முதல் 20 வரை எட்டு பின். பல ஐரோப்பிய ரேடியோக்களில் 13, 14 டேட்டா, 15 நிரந்தர 12 வோல்ட், 16 ஸ்விட்ச் ஆகிற 12 வோல்ட், 17 டேட்டாவின் எர்த், 18 ஆடியோ எர்த், 19 இடது, 20 வலது.

நீலக் கட்டை இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக, உள்ளே பின்னே இல்லாமல் இருந்தால் அந்த மாடலில் சேஞ்சர் வசதியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகப்பில் பொத்தான் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இராது.

ஒயர்மேன் · மார்ச் 4, மாலை 6.30

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். ஏ கட்டையில் 4ம் 7ம் எல்லா வண்டியிலும் அப்படியே இருக்காது. ஃபோக்ஸ்வாகன் வகை வண்டிகள் சிலவற்றில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். கறுப்பு முனை எர்த்தில், சிவப்பு முனை பின்னில், சாவியைப் போட்டும் எடுத்தும். சாவி எடுத்த பிறகும் 12 காட்டினால் நிரந்தரம்.

இன்னொன்று, புது வண்டிகளில் இந்தத் தனித்தனிக் கட்டைகளே இல்லை. நெம்புகோல் போட்டுப் பூட்டும் ஒரே பெரிய கனெக்டர், குவாட்லாக். சேஞ்சருக்கான துண்டு அதற்குள்ளேயே தனியாகக் கழன்று வரும். பின் எண்களும் வேறு. மேலே நான் கொடுத்ததை அதில் போட்டுப் பார்க்காதீர்கள்.

கட்டைவிரல் · மார்ச் 4, இரவு 9.45

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் வெளியவே இருக்கே. பிளேயர் ஒயரை வெட்டி அதுலயே முறுக்கிட்டா பாட்டு வராதா?

ஒயர்மேன் · மார்ச் 4, இரவு 9.58

வேண்டாம். முறுக்கினால் பிளேயர் போய்விடும், ஸ்டீரியோவும் போகலாம்.

ஒயர்மேன் · மார்ச் 5, காலை 8.20

நேற்று அவசரத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டேன். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார் ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வெளியீடு வீட்டு ஆம்ப் மாதிரி ஒரு ஒயர் சூடு, ஒரு ஒயர் எர்த் என்று இருக்காது. பிளஸ், மைனஸ் இரண்டையும் தனித்தனி ஆம்ப் ஓட்டுகிறது. பாட்டு ஓடாதபோதும் இரண்டிலும் பேட்டரியில் பாதி, ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். இரண்டிலும் ஒரே அளவு என்பதால் ஸ்பீக்கருக்கு அது தெரியாது. பிளேயரின் எர்த்தை அந்த மைனஸில் முறுக்கினால் 6 வோல்ட் நேராகப் பிளேயருக்குள் இறங்கும். மைனஸை வண்டியின் பாடியில் தட்டினாலோ ஆம்ப் ஐசி (சிப்) ஷார்ட் ஆகும். அதுவுமில்லாமல் ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டத் தெம்பும் கிடையாது. கொசு காதில் பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும்.

கட்டைவிரல் · மார்ச் 5, காலை 8.41

நல்லவேளை கேட்டுட்டு செஞ்சேன்.

பழைய டேப் · மார்ச் 5, மதியம் 2.30

கேசட் அடாப்டர் பத்தி தனியா ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, இங்கேயே எழுதிடறேன். ஸ்டீரியோவோட ஹெட் எங்க வந்து உட்காருமோ அங்க அடாப்டர்ல ஒரு குட்டி ஹெட் இருக்கும். நாடா கிடையாது, காந்தப்புலம் நேரா தாவுது. அதனால நாடாவோட 'ஹிஸ்' இல்ல, இழுவை இல்ல.

போட்டதும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு மாறிக்கிட்டே இருந்தா ஆட்டோ ரிவர்ஸ் ஏமாறுது. ரீல் சுத்தலைன்னா நாடா முடிஞ்சுதுன்னு அது நினைச்சுக்கும். ரீல் சுத்துற மாதிரி நடிக்கத்தான் அடாப்டருக்குள்ள பல்சக்கரம். ஏதாவது ஒண்ணு இறுகிட்டா இந்தக் கூத்து. பிரிச்சு, சக்கர அச்சுல குண்டூசி முனை அளவு சிலிக்கான் கிரீஸ் வைங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிர்ல உறையும், வெயில்ல ஒழுகி ஹெட்டுல ஏறும்.

பாட்டு ஓடுது ஆனா கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கா? பக்கம் மாத்துற பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க, ஹெட் எதிர்ப்பக்கத் தடத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கும். அப்பவும் மந்தம்னா டால்பியை (நாடா இரைச்சலைக் குறைக்கிற வசதி) அணைங்க. டால்பி போட்டுப் பதிவு செஞ்ச நாடாவுக்குத்தான் அது. அடாப்டர்ல போட்டா மேல்ஸ்தாயியைத்தான் தின்னும்.

எதிர்மாறா, காது கூசுற அளவுக்குக் கூர்மையா இருந்தா 'மெட்டல்' பொத்தானைப் போட்டுப் பாருங்க. சாதா நாடாவுக்கு 120 மைக்ரோசெகண்ட், மெட்டலுக்கு 70. இந்த மாத்தத்துல மேல்ஸ்தாயி 4 டெசிபெல்லுக்கு மேல இறங்கும். ஓசியில கிடைச்ச ட்ரெபிள் கன்ட்ரோல்.

கூழாங்கல் · மார்ச் 9, மாலை 5.15

கழற்றினேன். நீலக் கட்டை இருக்கு, பின்னும் இருக்கு. ஸ்டிக்கர் எண்ணுக்குப் பொருந்துற எமுலேட்டரும் வந்தாச்சு. பாட்டு வருது, எஃப்எம்முக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, ரேடியோவை விட சத்தம் ரொம்பக் கம்மி. ரெண்டாவது, பிளேயரை லைட்டர் சாக்கெட்ல சார்ஜ் போட்டா 'உய்ய்ங்'னு ஒரு ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஊளையும் கூடவே ஏறுது.

ஒயர்மேன் · மார்ச் 9, இரவு 7.40

சத்தக் குறைவு எளிது. சிடி வகை உள்ளீடு முழு ஒலியில் 2 வோல்ட் வரை எதிர்பார்க்கும். சின்ன பிளேயரின் ஹெட்ஃபோன் வெளியீடு அரை வோல்ட் அளவில்தான் இருக்கும். நான்கில் ஒரு பங்கு என்றால் 12 டெசிபெல் குறைவு. பிளேயரின் ஒலியளவை 85, 90 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். முழுசாக ஏற்றினால் சில பிளேயர்களில் உச்சி தட்டும். பிளேயரிலுள்ள ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்டையும் அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே 90இல் இருக்கும்போது பாஸையும் தூக்கினால் கிழிவது நிச்சயம். டோன் மாற்றுவதை ஸ்டீரியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரில் ஏற்றாமல் ஸ்டீரியோவில் மட்டும் ஏற்றினால் பாட்டோடு 'ஹிஸ்'ஸும் ஏறும். அப்படியே ரேடியோவுக்கு மாறினால் காது கிழியும். மாறும் முன் ஒலியை இறக்கிப் பழகுங்கள்.

ஊளைக்கு எர்த் லூப் என்று பெயர். லூப் ஐசொலேட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி வரும், ஆடியோ ஒயரின் நடுவே போட்டால் போய்விடும்.

ஒயர்மேன் · மார்ச் 10, காலை 6.55

ஐசொலேட்டரை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அது கடைசி மருந்து. ஊளை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம்.

ஆல்டர்னேட்டர் தருவது மூன்று ஃபேஸ் ஏசி, உள்ளேயே டையோடுகளால் டிசி ஆகிறது. சுத்தமான டிசி இல்லை, மேலே அலை இருக்கும். ஆறு ஜோடி துருவம் உள்ள ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 அலை. புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால், ஐடிலில் எஞ்சின் 900இல் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2250. நொடிக்கு 37.5 சுற்று, 36ஆல் பெருக்கினால் 1350 ஹெர்ட்ஸ். எஞ்சினை 3000க்கு ஏற்றினால் 4500 ஹெர்ட்ஸ். அந்த 'உய்ய்ங்' மிதிக்க மிதிக்க ஏறுவதற்குக் கணக்கு இதுதான். காது மிக நன்றாகப் பிடிக்கும் இடத்தில் வேறு வந்து விழுகிறது.

அது எப்படி ஆடியோவுக்குள் நுழைகிறது? லைட்டர் சாக்கெட்டின் எர்த் பாடியில் ஒரு போல்டில் சேரும். ஸ்டீரியோவின் எர்த் வேறு போல்டில். இரண்டுக்கும் நடுவே மற்ற கரண்டெல்லாம் ஓடுவதால் சில மில்லிவோல்ட் வித்தியாசம் நிற்கும். சார்ஜர் போடாதபோது பிளேயர் தன் பேட்டரியில் தனியாக மிதக்கிறது, வம்பில்லை. சார்ஜரைப் போட்டதும் அதன் எர்த்தும் ஆடியோ ஒயரின் எர்த்தும் பிளேயருக்குள் கைகோத்து வட்டம் முடிகிறது. 500 மில்லிவோல்ட் பாட்டில் 5 மில்லிவோல்ட் ஊளை கலந்தால் 40 டெசிபெல்தான் இடைவெளி. வீணை மட்டும் ஒலிக்கும் இடத்தில் அது நன்றாகவே கேட்கும்.

அதனால் முதல் வைத்தியம், ஓட்டும்போது சார்ஜ் போடாதீர்கள். அல்லது பவர் பேங்கில் போடுங்கள். பவர் பேங்கை லைட்டர் சாக்கெட்டில் சொருகாதவரை வட்டம் முடியாது.

இரண்டாவது, இரண்டு எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. 12 வோல்ட்டை 5 ஆக்கும் சின்ன மாட்யூலுக்கு எர்த்தை ஸ்டீரியோவின் 8ஆவது பின் ஒயரிலிருந்தே எடுங்கள், 12 வோல்ட்டை 7ஆவதிலிருந்து எடுங்கள். நடுவே 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஊளை முக்கால்வாசி அடங்கும், பல வண்டிகளில் முழுசாகவே.

அதற்கும் அடங்காவிட்டால்தான் ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று. தரமில்லாததில் இரும்பு சுண்டைக்காய் அளவு இருக்கும். அது தாழ்ஸ்தாயியைத் தாங்காது, தவில் தகரம் மாதிரி ஒலிக்கும். போட்டும் எடுத்தும் ஒரே பாட்டை இரண்டு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய டேப் · மார்ச் 10, காலை 9.30

ஐசொலேட்டரைக் கரண்டு பக்கம் போட்டா பாஸ் தப்பிக்கும், ஆடியோவைத் தொடவே வேண்டியதில்ல. பி0505எஸ்னு நாலு கால் உள்ள ஒரு குட்டி மாட்யூல். 5 வோல்ட் உள்ள, 5 வோல்ட் வெளிய, நடுவுல மின்தொடர்பு கிடையாது. ரெண்டு பக்கமும் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வைங்க, இல்லைன்னா ஊளை போய் கொசுச் சத்தம் வரும்.

ஒயர்மேன் · மார்ச் 10, காலை 9.52

சரிதான், ஆனால் அது 1 வாட் மாட்யூல். 200 மில்லிஆம்பியர்தான். சின்ன பிளேயர் மெதுவாக ஏறும், புளூடூத் ரிசீவருக்குத் தாராளம். செல்போனை மாட்டினால் மாட்யூல் கொதிக்கும்.

கூழாங்கல் · மார்ச் 12, இரவு 8.20

8ஆவது பின் எர்த் யோசனை வேலை செஞ்சுது. ஊளை போச்சு. இப்போ செல்போனை அதே ஒயர்ல மாட்டினா பாட்டு தானா நின்னு நின்னு ஓடுது. பிளேயர்ல அப்படி இல்லயே?

ஒயர்மேன் · மார்ச் 12, இரவு 9.05

பிளேயர் ஜாக்கில் மூன்று தொடர்பு, போனில் நான்கு. மூன்றில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி எர்த். நான்கில் நுனி இடது, அடுத்தது வலது, பிறகு எர்த், அடியில் மைக். மூன்று பட்டை பின்னைப் போனில் சொருகினால் மைக்கும் எர்த்தும் ஒன்றாகும். நன்றாகப் பதிந்திருந்தால் போன் "மைக் இல்லாத ஹெட்ஃபோன்" என்று புரிந்துகொள்ளும். பாதி பதிந்து ஆடினால், ஹெட்செட் பொத்தானை யாரோ அழுத்தி அழுத்தி விடுவதாக எண்ணி நிறுத்தும், ஓட்டும். போனின் உறை தடிமனாக இருக்கிறதா பாருங்கள். பின்னின் கழுத்து உறையில் முட்டி, கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். உறையைக் கழற்றி ஒரு தடவை சோதியுங்கள். அதுதான் காரணமென்றால் கழுத்து ஒல்லியான ஒயர் வாங்கினால் போதும்.

பழைய வீடியோ கேமராவோடு வந்த நான்கு பட்டை ஒயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதில் ஒரு பட்டை வீடியோ. எர்த் இடம் மாறினால் பாட்டில் குரல் மட்டும் காணாமல் போய், பின்னணி வாத்தியம் எங்கோ எட்டத்தில் கேட்கும். இடதும் வலதும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்வதால் நடுவில் நிற்கும் குரல் அழிகிறது. கரோக்கி வேண்டுமென்றால் பரவாயில்லை.

கூழாங்கல் · மார்ச் 12, இரவு 9.31

உறைதான்! கழற்றினதும் சரியாப் போச்சு.

கட்டைவிரல் · மார்ச் 15, மாலை 4.10

என்னுதுல சேஞ்சர் பொத்தானும் இல்ல, நீலக் கட்டையும் இல்ல. சிடி மட்டும். கையில சால்டரிங் அயர்ன் இருக்கு. ஸ்டீரியோவுக்கு உள்ளயே ஒயர் ஒட்டித் தட்டலாமா?

ஒயர்மேன் · மார்ச் 15, இரவு 8.45

தட்டலாம், ஆனால் அதற்கு முன் கம்பிவழி எஃப்எம் மாடுலேட்டர் என்று ஒன்றைக் கவனியுங்கள். ஆன்டெனா பிளக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் போடுவது. ஆன் செய்தால் வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டுத் தன் சிக்னலை மட்டும் ரேடியோவுக்குக் கொடுக்கும். நிலையங்களின் தொல்லை அநேகமாக இராது. 15 கிலோஹெர்ட்ஸ் வரம்பு மட்டும் அப்படியே. ஸ்டீரியோவைத் திறக்கவே வேண்டாம்.

திறந்தே தீருவேன் என்றால்: சிடி பகுதியிலிருந்து வரும் இடது, வலது, எர்த் மூன்றும் ஒலியளவு ஐசிக்குப் போகிற வழியில் வெட்ட வேண்டும். ஐசியின் எண்ணைப் படித்து, அதன் டேட்டாஷீட்டில் சிடி உள்ளீட்டுக் கால்களைப் பிடியுங்கள். உள்ளே ஸ்விட்ச் உள்ள 3.5 மிமீ பெண் ஜாக் வாங்குங்கள். பின் சொருகாதபோது சிடி ஒலி ஜாக் வழியாகவே தாண்டிப் போகும், சொருகினால் சிடி துண்டாகிப் பிளேயர் உள்ளே வரும்.

ஐசி காலில் நேராக முடிய வேண்டாம், அங்கே சில வோல்ட் டிசி நிற்கும். இரண்டு சேனலிலும் ஒவ்வொரு 2.2 மைக்ரோஃபாரட், துருவம் இல்லாத கப்பாசிட்டர். ஐசி உள்ளீடு 10 கிலோஓம் என்றால் வெட்டு 7 ஹெர்ட்ஸில் விழும், பாஸுக்குச் சேதமில்லை. போர்டில் ஏற்கெனவே அந்த வழியில் கப்பாசிட்டர் இருந்தால் அதற்கு முன்பக்கம் தட்டினால் போதும். ஒயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இங்கே பிளேயருக்கு எர்த்தே அந்த ஷீல்டுதான், இரண்டு முனையும் வேண்டும்.

சிடி ஓடினால்தான் அந்த வாசல் திறந்திருக்கும். அதற்கு மௌனமான ஒரு ஆடியோ சிடி எழுதிப் போட வேண்டும். ஒரே டிராக், 70 நிமிடத்துக்கு மேல், ரிபீட்டில்.

பழைய டேப் · மார்ச் 16, காலை 10.10

மௌன சிடியில முழுப் பூஜ்யமா எழுதாதீங்க. தொடர்ந்து பூஜ்யம் வந்தா சில டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியா மாத்துற சிப்) மியூட் சிக்னல் கொடுக்கும். அந்த மியூட் டிரான்சிஸ்டர் நாம தட்டின இடத்துக்குப் பின்னாடி இருந்தா நம்ம பாட்டையும் சேர்த்து அமுக்கிடும். காதுக்குக் கேக்காத அளவு, மைனஸ் 80 டெசிபெல்லுக்கும் கீழ கொஞ்சம் இரைச்சல் சேர்த்து எழுதுங்க.

ஒயர்மேன் · மார்ச் 16, மதியம் 12.25

நல்ல குறிப்பு. அதோடு, நேற்று எழுதியதைப் பற்றி இரண்டாவது யோசனை: சிடி நாள் முழுக்கச் சுற்றினால் மோட்டாரும் லேசரும் சும்மா தேயும். சிடிக்குப் பதில் ரேடியோ டியூனரின் வெளியீட்டில் தட்டினால் சுற்றுவது எதுவும் இல்லை. வெட்டும் வேலையும் ஜாக்கும் கப்பாசிட்டரும் அதே. டிராஃபிக் அறிவிப்பு வந்தால் குறுக்கிடும் வசதி ரேடியோவில் இருந்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள். இன்று செய்வதானால் டியூனரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய டேப் · மார்ச் 20, இரவு 7.15

பழைய ஐபாட் வெச்சிருக்கிறவங்களுக்கு. அடியில இருக்கிற 30 பின் கனெக்டர்ல லைன் அவுட் (நேரடி ஒலி வெளியீடு) தனியா இருக்கு, 3 வலது, 4 இடது, 2 எர்த். ஒலியளவு சக்கரம் அதைத் தொடாது, எப்பவும் ஒரே அளவு. ஹெட்ஃபோன் ஜாக்கை விட இதுதான் சுத்தம். ஆனா ஐபாட் உட்கார்ற பழைய கார் தொட்டில், யுஎஸ்பி பின்ல இல்லாம 12 வோல்ட் ஃபயர்வயர் பின்ல சார்ஜ் கொடுக்குற வகையா இருந்தா, 2008க்கு அப்புறம் வந்த மாடல்ல பாட்டு வரும், சார்ஜ் ஏறாது. தொட்டில் பழுதில்ல, பிளேயர்ல அந்த வழியையே எடுத்துட்டாங்க. 30 பின்னுக்குப் பதிலா லைட்னிங் கனெக்டர் வந்ததும் அடியில அனலாக் ஒலியே போச்சு.

கட்டைவிரல் · மார்ச் 22, காலை 11.30

தலைப்பை விட்டு வெளிய போறேன், மன்னிக்கணும். வீட்டு வண்டி இன்னொண்ணுல யுஎஸ்பி இருக்கு. பென்டிரைவ் போட்டா 'படிக்க இயலாது'ங்குது. போனை மாட்டினா சார்ஜ் மட்டும் ஏறுது.

ஒயர்மேன் · மார்ச் 22, மதியம் 1.05

பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி டிரைவ் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட்டில்தான் வரும், பழைய ஸ்டீரியோவுக்கு அது தெரியாது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி பல பதிப்புகளில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது என்பதால் 32 ஜிபி டிரைவே வாங்கிவிடுவது நிம்மதி. பார்ட்டிஷன் (டிரைவைப் பிரிக்கும் முறை) எம்பிஆர் என்ற பழைய வகையாக இருக்கட்டும்.

பாட்டுகள் தாறுமாறான வரிசையில் ஓடினால், ஸ்டீரியோ பெயர் வரிசை பார்ப்பதில்லை, எழுதப்பட்ட வரிசையைப் பார்க்கிறது. காலி டிரைவில் வரிசையாக ஒவ்வொன்றாகக் காப்பி செய்தால் சரியாகும்.

போன் தெரியாததற்குக் காரணம் எம்டிபி, அதாவது பென்டிரைவ் போல இல்லாமல் ஃபைல்களைப் பரிமாறும் வேறு முறை. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் மெமரி கார்டைப் பென்டிரைவ் போலக் காட்டின. பிறகு வந்தவை அப்படிக் காட்டுவதில்லை.

கட்டைவிரல் · மார்ச் 22, மாலை 6.40

தமிழ்ப் பாட்டுப் பேரெல்லாம் திரையில கட்டம் கட்டமா வருதே?

பழைய டேப் · மார்ச் 22, மாலை 6.58

கட்டம் போட்ட சட்டைன்னு நினைச்சுக்குங்க. ஸ்டீரியோவுக்குள்ள தமிழ் எழுத்துரு இல்ல, நம்மால போடவும் முடியாது. ஃபைல் பேர், டேக் (ஃபைலுக்குள்ள இருக்கிற பாட்டு விவரம்) ரெண்டையும் ரோமன் எழுத்துல மாத்துங்க. டேக்கை 2.3 பதிப்புல சேமிங்க, 2.4ஐப் படிக்காத ஸ்டீரியோ நிறைய.

ஒயர்மேன் · ஏப்ரல் 2, காலை 7.30

எமுலேட்டரையோ புளூடூத் ரிசீவரையோ நிரந்தர 12 வோல்ட்டில் கொடுத்தவர்கள் கவனத்துக்கு. சும்மா இருக்கும்போது 30 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. வண்டி ஒரு மாதம் நின்றால் 21.6. பேட்டரி 45 என்றால் கிட்டத்தட்ட பாதி காலி, ஸ்டார்ட்டர் முனகும். எமுலேட்டருக்கு நினைவு வைத்திருக்க நிரந்தர ஒயர் தேவை என்று குறிப்பில் போட்டிருந்தால், வண்டியைப் பூட்டிப் பத்து நிமிடம் கழித்து ஃபியூஸ் இடத்தில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். சில மில்லிஆம்பியருக்கு இறங்கினால் சரி. இறங்காவிட்டால் சாவி போட்டால் வரும் ஒயருக்கு மாற்றுங்கள்.

புளூடூத் பற்றி இன்னொரு வரி: ஸ்டீரியோவில் கம்பெனி புளூடூத் இருந்தும் பாட்டு வராவிட்டால், அது பேசுவதற்கு மட்டும் கொடுத்ததாக இருக்கும். அதில் பாட்டுக்கு ஏ2டிபி என்ற புளூடூத் வசதி வேண்டும். அது இல்லாததை எந்த அமைப்பை மாற்றியும் வரவழைக்க முடியாது.

கூழாங்கல் · ஏப்ரல் 6, இரவு 9.15

எல்லாம் சரி. ஆனா பள்ளத்துல இறங்கினா டேஷ்போர்டுக்குள்ள 'கடகட'ன்னு சத்தம். ஸ்பீக்கர் போச்சா?

ஒயர்மேன் · ஏப்ரல் 6, இரவு 9.22

எமுலேட்டர் பெட்டியைத் தொங்க விட்டிருப்பீர்கள். ஸ்பாஞ்சில் சுற்றி, ஸ்டீரியோவுக்குப் பின்னால் அல்லாமல் கீழே, ஏசி குழாயைத் தொடாத இடத்தில் பிளாஸ்டிக் டேக்கால் கட்டுங்கள். பின்னால் வைத்தால் ஸ்டீரியோ முழுசாக உள்ளே போகாமல் அரை விரல் வெளியே நிற்கும்.

கூழாங்கல் · ஏப்ரல் 6, இரவு 9.24

அரை விரல் வெளியதான் நிக்குது.